ஐந்தைத் தள்ளினால் ஆறு அசைகிறதே! – கன்சோல் மாட்யூல் முகவரி: வாசகர் கேள்வி பதில்

ஒலிபரப்பு மிக்ஸிங் கன்சோலில் மாட்யூல்களுக்கு (ஒலியளவைத் தள்ளி மாற்றும் ஃபேடர்களும் பட்டன்களும் கொண்ட, கழற்றிச் செருகும் பலகைகளுக்கு) முகவரி கொடுப்பது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்திருக்கிறோம். மெனுவின் பெயரும் பட்டனின் இடமும் கன்சோலுக்குக் கன்சோல் மாறும். அதற்கு உங்கள் கையேடுதான் துணை. எந்தக் கன்சோலுக்கும் பொருந்துகிற சங்கதிகள் இங்கே.

கேள்வி: ஸ்லாட் எண், மாட்யூல் முகவரி, சானல் எண் மூன்றையும் எங்கள் ஸ்டூடியோவில் ஒரே பொருளில்தான் பேசுகிறோம். மூன்றும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. கன்சோல் புதிதாக வந்திறங்கிய அன்று மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். இடது ஓரத்தில் முதல் ஸ்லாட், அதில் முகவரி 1, அது ஓட்டுவது சானல் 1. முதல் ரிப்பேர் வரும் நாளில்தான் மூன்றும் பிரியும், குழப்பமும் அன்றுதான் தொடங்கும்.

ஸ்லாட் என்பது மாட்யூல்கள் உட்காரும் சட்டத்தில் உள்ள இடம், அது நகராது. முகவரி என்பது கட்டுப்பாட்டு பஸ்ஸில் (மாட்யூல்களையும் மையக் கணினியையும் இணைக்கும் பொதுக் கம்பியில்) ஒரு மாட்யூலைக் கூப்பிடும் எண். ‘ஐந்தாம் எண்ணே, உன் ஃபேடர் எங்கே நிற்கிறது?’ என்று மையக் கணினி கேட்டால் எந்த மாட்யூல் பதில் சொல்ல வேண்டும் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. சானல் என்பது இன்ஜினுக்குள் (ஒலியைக் கலக்கும் கணினிப் பெட்டிக்குள்) ஒலி கலக்கும் பாதை. எந்த மைக், எவ்வளவு கெயின், எந்த புரோகிராம் பஸ் (கலந்த ஒலி வெளியே போகும் பாதை) என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். இன்ஜின் தனியாக உள்ள டிஜிட்டல் கன்சோல்களில் ஃபேடர் மாட்யூல் வழியாக ஒலி போவதே இல்லை. அது வெறும் கைப்பிடி. எந்தக் கைப்பிடி எந்தக் கதவுக்கு என்று சொல்லும் அட்டவணைதான் முகவரி.

முகவரி எங்கே குடியிருக்கிறது என்பது வடிவமைப்பைப் பொறுத்தது. சில சட்டங்களில் பேக்பிளேன் (சட்டத்தின் பின்புறப் போர்டு) கனெக்டரின் சில பின்கள் ஸ்லாட்டுக்கு ஸ்லாட் வேறு வேறு விதமாக கிரவுண்டில் இணைக்கப்பட்டிருக்கும். மாட்யூல் அதைப் படித்துத் தன் எண்ணைத் தெரிந்துகொள்ளும். சிலவற்றில் மாட்யூலின் போர்டிலேயே டிப் சுவிட்ச் (சிறு சுவிட்சுகளின் தொகுப்பு) இருக்கும். சிலவற்றில் மென்பொருள் கொடுத்த எண் மாட்யூலின் ஈஈப்ராமில் (பவர் போனாலும் மறக்காத நினைவகச் சிப்பில்) பதிந்திருக்கும். உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் கிடைக்காவிட்டால் ஒரு சோதனை போதும். ஒலிபரப்பில் இல்லாத நேரத்தில் பவரை அணைத்து, ஒரே வகையான இரண்டு ஃபேடர் மாட்யூல்களை இடம் மாற்றிச் செருகி, பவர் கொடுங்கள். எண் இடத்தோடு நின்றால் ஸ்லாட் வகை. மாட்யூலோடு போனால் சுவிட்ச் அல்லது நினைவக வகை.

கேள்வி: ஒன்பதாம் ஸ்லாட்டில் இருந்த ஃபேடர் மாட்யூல் பழுதானதால் ஸ்பேரைச் செருகினோம். ஒன்பது உயிர் பெறவில்லை. அதற்குப் பதில் முதல் ஃபேடரின் விளக்கு மினுக்குகிறது. யாரும் எதையும் தொடாமல் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஸ்பேரும் பழுதா?

பதில்: ஸ்பேர் நன்றாகவே இருக்கிறது, அது தன்னை ‘ஒன்று’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தொழிற்சாலையிலிருந்து வரும் மாட்யூல்களில் பெரும்பாலும் ஒரே தொடக்க எண் இருக்கும், 1 அல்லது 0. இப்போது உங்கள் பஸ்ஸில் ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள்.

தொடாமல் இருக்கும்போது ஏன் சரியாக இருக்கிறது என்பது கவனிக்க வேண்டிய இடம். பல கன்சோல்களின் உள்ளே ஓடுவது கேன் பஸ், எல்லா மாட்யூலும் ஒரே ஜோடிக் கம்பியில் பேசும் முறை. அதில் இரண்டு மாட்யூல்கள் ஒரே அடையாள எண்ணோடு ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினாலும், இரண்டும் சொல்லும் தகவல் ஒன்றாக இருக்கும்வரை சண்டை வராது. ஒன்று ‘ஃபேடர் மேலே’ என்றும் இன்னொன்று ‘கீழே’ என்றும் சொன்னால், தான் அனுப்பிய பிட் கம்பியில் வேறாகத் தெரிவதை ஒரு மாட்யூல் கண்டுபிடித்துப் பிழைக்கொடி காட்டும். அனுப்புதலில் நேரும் ஒவ்வொரு பிழைக்கும் அதன் பிழை எண்ணிக்கை 8 கூடும். எண்ணிக்கை 128-ஐத் தொட்டால் அது அடக்கி வாசிக்கத் தொடங்கும். 255-ஐத் தாண்டினால் பஸ்ஸிலிருந்தே விலகிவிடும். அதற்குப் பெயர் பஸ்-ஆஃப். ஃபேடரை அசைத்த மறுகணம் மாட்யூல் செத்ததுபோல் ஆவதும், பவரை அணைத்துப் போட்டால் பிழைத்துக்கொள்வதும் இதனால்தான். இதை ஹார்டுவேர் பழுது என்று நினைத்து நல்ல மாட்யூலைச் சர்வீசுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு.

சரிசெய்ய: பவரை அணைத்து ஒன்றாம் மாட்யூலைக் கழற்றி வையுங்கள். பவர் கொடுத்தால் முகவரி 1-ல் ஸ்பேர் மட்டும் தெரியும். அதை 9 என்று மாற்றிச் சேமியுங்கள். மறுபடி பவரை அணைத்து, ஒன்றாம் மாட்யூலைத் திரும்பச் செருகுங்கள். மாட்யூல்களைத் தொடர் எண்ணால் பிரித்தறியும் கன்சோலில் எதையும் கழற்ற வேண்டாம். திரையில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

எந்த இரண்டு மோதுகின்றன என்றே தெரியாவிட்டால், வழக்கமான பழுதுபார்ப்புக் குறுக்குவழியான ‘பாதியைக் கழற்றிப் பார்’ இங்கே ஏமாற்றும். மோதும் இரண்டும் ஆளுக்கொரு பாதியில் இருந்தால் எந்தப் பாதியைப் போட்டாலும் சரியாகவே ஓடும். எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் செருகி, டயக்னாஸ்டிக் திரையில் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடுகிறதா என்று பாருங்கள். எதைச் செருகியபோது எண்ணிக்கை கூடவில்லையோ அது ஏற்கனவே உள்ளே இருக்கும் ஒன்றின் எண்ணைச் சுமக்கிறது.

கேள்வி: டிப் சுவிட்சில் 13 என்று வைத்தேன். கன்சோல் 176 என்று காட்டுகிறது. சுவிட்ச் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. 176 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

எட்டுச் சுவிட்ச் உள்ள தொகுப்பில் ஒவ்வொன்றுக்கும் 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று மதிப்பு. 13 என்பது 8 + 4 + 1. நீங்கள் முதல் சுவிட்சை 1 என்று எடுத்துக்கொண்டு 1, 3, 4 ஆகியவற்றை ஆன் செய்திருக்கிறீர்கள். அந்த போர்டில் முதல் சுவிட்சின் மதிப்பு 128. ஆகவே 128 + 32 + 16 = 176. வரிசையைத் திருப்பி 5, 6, 8 ஆகியவற்றை ஆன் செய்தால் 13 வரும்.

இன்னொரு பொறியும் உண்டு. சுவிட்சை ஆன் செய்தால் அந்தக் கம்பி கிரவுண்டுக்குப் போகும். சிப்புக்கு அது பூஜ்யம். வடிவமைத்தவர் மென்பொருளில் அதைத் திருப்பிப் போட்டிருந்தால் ஆன் என்பது 1. போடாவிட்டால் ஆன் என்பது 0. அப்போது 13-க்குப் பதில் 242 வரும், அதாவது 255-லிருந்து 13 போக மீதி.

புதிய போர்டு கைக்கு வந்தால் முதல் சுவிட்சை மட்டும் ஆன் செய்து பாருங்கள். 1 என்று காட்டினால் நேர்வரிசை. 128 என்றால் தலைகீழ் வரிசை. 254 என்றால் ஆன், ஆஃப் மாறியிருக்கிறது. 127 என்றால் இரண்டும் மாறியிருக்கிறது. இவற்றுக்கு ஒன்று கூடக் காட்டினால் திரை 1-லிருந்து எண்ணுகிறது, போர்டு 0-விலிருந்து எண்ணுகிறது என்று பொருள். இந்த ஒரே சோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

திருகும் சுவிட்ச் இரண்டு இருந்தால் அவற்றில் 0 முதல் 9 வரைதானா, 0 முதல் எஃப் வரையா என்று பாருங்கள். எஃப் வரை இருந்தால் அது பதினாறின் அடிமான எண் (10 முதல் 15 வரைக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்துகள்). அதில் 1, 3 என்று வைத்தால் பதின்மூன்று ஆகாது, பத்தொன்பது ஆகும். பதின்மூன்றுக்கு 0, டி.

பல மாட்யூல்கள் பவர் வரும் நேரத்தில் ஒரே ஒருமுறைதான் சுவிட்சைப் படிக்கும். மாற்றிய பிறகு பவரை அணைத்துப் போடாமல் ‘மாறவில்லையே’ என்று தலையைச் சொறிய வேண்டாம். சுவிட்சைத் தள்ள பென்சில் முனையும் வேண்டாம். கிராஃபைட் தூள் மின்சாரம் கடத்தும். பல ஆண்டு தொடாத சுவிட்ச் என்றால் பத்துப் பதினைந்து தடவை முன்னும் பின்னும் தள்ளிவிட்டு வையுங்கள். படிந்த ஆக்சைடால் ஒரு தொடர்பு விட்டுவிட்டு வேலை செய்தால், இன்று 13 ஆக இருப்பது நாளை 5 ஆக எழுந்திருக்கும்.

கேள்வி: எங்கள் கன்சோலில் சுவிட்சே இல்லை. செட்டப் மெனுவில் போய் ஒவ்வொரு மாட்யூலாக பட்டனை அமுக்கச் சொல்கிறார்கள். எந்த வரிசையில், எப்படிச் செய்தால் பிசகாது? நான்கு ஃபேடர் கொண்ட மாட்யூல்கள் ஐந்து இருக்கின்றன.

பதில்: அமுக்குவது ஒரு நிமிட வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதலில் இப்போதுள்ள அமைப்பு முழுவதையும் கன்சோலுக்கு வெளியே ஒரு நகல் எடுங்கள். டயக்னாஸ்டிக் திரையை முகவரி, மாட்யூல் வகை, ஃபர்ம்வேர் (மாட்யூலுக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு மூன்றும் தெரியும்படி படம் பிடியுங்கள். இன்ஜினின் வெளியீட்டை ஒலிபரப்பிலிருந்து விலக்கி, ஒலிபரப்பை வேறு ஸ்டூடியோவுக்கோ அவசர நேரத்தில் ஒலி தரும் கருவிக்கோ மாற்றுங்கள். மானிட்டர் ஸ்பீக்கரைக் குறைத்து வையுங்கள். ஃபேடர்கள் எல்லாம் கீழே, எல்லாச் சானலும் ஆஃப்.

அடுத்து எல்லா மாட்யூலிலும் ஃபர்ம்வேர் ஒன்றுதானா என்று பாருங்கள். பழைய பதிப்போடு நிற்கும் ஒரு மாட்யூல் எண் கேட்கும் செய்தியையே புரிந்துகொள்ளாமல் போகலாம். நீங்கள் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பீர்கள். ஃபர்ம்வேர் ஏற்றுவது முதலில், முகவரி அதன் பிறகு. சில மாட்யூல்களில் ஃபர்ம்வேர் ஏற்றும்போது முகவரி தொடக்க எண்ணுக்குத் திரும்பிவிடும் என்பது இந்த வரிசைக்கு இன்னொரு காரணம்.

இனி முகவரி கொடுக்கும் முறைக்குள் போனால் எல்லா மாட்யூலின் விளக்குகளும் மினுக்கும். இடது கோடியில் உட்கார்ந்திருப்பவர் கையால் எட்டும் முதல் ஃபேடர்தான் 1 என்று முடிவு செய்துகொண்டு, இடமிருந்து வலமாக அமுக்குங்கள். நான்கு ஃபேடர் மாட்யூலில் ஒரு பட்டனை ஒருமுறை அமுக்கினால் போதும். நான்கையும் அமுக்கினால் சில கன்சோல்கள் ஒரே மாட்யூலுக்கு நான்கு எண்ணைச் செலவழித்துவிடும். எண் ஏற்றுக்கொள்ளப்பட்டால் மினுக்கல் நின்று விளக்கு நிலையாக எரியும். அதைப் பார்த்த பிறகே அடுத்தது.

மாட்யூல் முகவரியிலிருந்து ஃபேடர் எண் வரும் கணக்கு எளிது: முகவரியில் ஒன்றைக் கழித்து, நான்கால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் அந்த மாட்யூலின் முதல் ஃபேடர். மூன்றாம் மாட்யூல் என்றால் 9 முதல் 12 வரை. ஐந்து மாட்யூலுக்கு 20. நடுவில் மூடுபலகை போட்ட காலி இடம் இருந்து, நாளை அங்கே மாட்யூல் வரப்போகிறது என்றால் அதன் எண்ணை இப்போதே விட்டுவிடுங்கள். பிறகு நடுவில் ஒன்றைச் சேர்க்கும்போது வலப்பக்கம் முழுவதையும் மாற்றி எழுத வேண்டிய வேலை மிச்சம்.

மானிட்டர் மாட்யூல், டாக்பேக் (அடுத்த அறையோடு பேசும்) மாட்யூல் போன்றவற்றுக்குப் பல கன்சோல்களில் தனி எண் வரிசை உண்டு. ஃபேடர் 1-ம் மானிட்டர் 1-ம் ஒரே நேரத்தில் இருப்பது அங்கே தவறல்ல. வகைக்கு ஒரு வரிசை என்று கையேடு சொல்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் தவறாக அமுக்கிவிட்டால் அந்த ஒன்றை மட்டும் ஒட்டுப்போட வேண்டாம். வெளியே வந்து முதலிலிருந்து தொடங்குவதே வேகமான வழி. முடிந்ததும் சேமியுங்கள், பல கன்சோல்களில் சேமிக்கும்வரை புதிய எண்கள் தற்காலிக நினைவில்தான் இருக்கும். பிறகு பவரை அணைத்துப் போட்டு, ஒவ்வொரு ஃபேடராக அசைத்து, திரையில் அதே எண் அசைகிறதா என்று இருபதையும் பாருங்கள். முதலும் கடைசியும் சரியாக இருந்தால் நடுவில் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம் மாட்யூலும் மூன்றாம் மாட்யூலும் எண் மாறியிருந்தால் இரு முனைகளும் சரியாகவே காட்டும்.

கேள்வி: ஆறாவது மாட்யூலை ரிப்பேருக்குக் கழற்றினோம். ஏழு ஆறாகிவிட்டது, எட்டு ஏழாகிவிட்டது. விருந்தினர் மைக்கைத் திறந்தால் தொலைபேசி வரி திறக்கிறது!

பதில்: உங்களுடையது சங்கிலி வகை. முதல் மாட்யூல் எண் 1-ஐ எடுத்துக்கொண்டு, ஒரு தனிக் கம்பி வழியாக ‘அடுத்தவரே, இனி நீங்கள்’ என்று பக்கத்து மாட்யூலை எழுப்பும். அது 2-ஐ எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவை பவர் வரும்போதும் இந்த ஊர்வலம் நடக்கும். யாரும் எதையும் அமைக்க வேண்டாம் என்பது இதன் வசதி. ஒருவர் வரிசையை விட்டுப் போனால் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் ஓரடி முன்னால் வந்துவிடுவது இதன் தொல்லை.

கழற்றிய இடத்தில் ஸ்பேர் ஒன்றைச் செருகுவதுதான் சரியான வழி. ஸ்பேர் இல்லையென்றால் மென்பொருளில் ‘இந்த எண் காலி’ என்று பூட்டி வைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கடைசி மாட்யூலைக் கழற்றி ஆறாம் இடத்தில் போடுங்கள். சங்கிலி வகையில் எண் இடத்துக்குத்தான்; ஆகவே நடு ஃபேடர்கள் எல்லாம் பழையபடி இருக்கும், கடைசி எண் மட்டும் இல்லாமல் போகும். அதிகம் பயன்படாத சானலை வலது கோடியில் வைப்பது இதற்கும் உதவும்.

கேள்வி: கன்சோலை நீட்டி, இரண்டாவது சட்டம் ஒன்றைக் கேபிளால் சேர்த்தோம். முகவரி கொடுக்கும்போது எல்லாம் ஏற்றுக்கொள்கிறது. ஓட்டும்போது இரண்டாம் சட்டத்தில் உள்ள இரண்டு மூன்று மாட்யூல்கள் காணாமல் போய்த் திரும்ப வருகின்றன. எத்தனை தடவை எண் கொடுத்தாலும் இதே கதை.

பதில்: இன்னும் நூறு தடவை எண் கொடுத்தாலும் தீராது, இது கம்பியின் கோளாறு. மல்டிமீட்டரை எடுங்கள்.

கேன் பஸ்ஸின் இரு முனைகளிலும், முனைகளில் மட்டும், 120 ஓம் டெர்மினேட்டர் (முனை மின்தடை) ஒவ்வொன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து அடுத்த பிட்டைக் குழப்பும். பவரை முழுவதும் அணைத்துவிட்டு, பஸ்ஸின் இரு கம்பிகளான கேன்-ஹை, கேன்-லோ இரண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள்:

60 ஓம் அருகில் – இரண்டும் இருக்கின்றன, நல்லது.
120 ஓம் – ஒன்று இல்லை, அல்லது சட்டங்களை இணைக்கும் கேபிள் நடுவில் அறுந்திருக்கிறது.
40 ஓம் – மூன்று இருக்கின்றன.
பூஜ்யம் அருகில் – எங்கோ ஷார்ட்.

உங்கள் விஷயத்தில் 40 வருவதற்கு வாய்ப்பு அதிகம். முதல் சட்டத்தின் கோடியில் முன்பு இருந்த டெர்மினேட்டரைக் கழற்றாமல் அங்கிருந்தே கேபிளை இழுத்திருப்பீர்கள். இரண்டாம் சட்டத்திலும் ஒன்று இருக்கும். நடுவில் நிற்பதை எடுத்துவிடுங்கள். சில சட்டங்களில் அது தனிப் பிளக்காக இல்லாமல் போர்டில் ஒரு ஜம்பராக (இரு பின்களை இணைக்கும் சிறு துண்டாக) இருக்கும், கண்ணில் எளிதில் படாது. மாட்யூலின் மீதே டெர்மினேட்டர் ஜம்பர் உள்ள வடிவமைப்பில், வேறு ஸ்டூடியோவிலிருந்து கொண்டுவந்த ஸ்பேர் ஒன்று தன் ஜம்பரோடு வந்து நடுவில் உட்கார்ந்தாலும் இதே 40-தான்.

60 இருந்தும் கோளாறு போகவில்லையென்றால் பவர் கொடுத்து, கன்சோல் சும்மா இருக்கும்போது இரு கம்பிகளையும் தனித்தனியாக, கம்பிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்க வேண்டும். ஒன்று பெரிதும் விலகியிருந்தால் ஏதோ ஒரு மாட்யூலின் டிரான்ஸீவர் சிப் (பஸ்ஸில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் சிப்) பஸ்ஸை இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்ற, குற்றவாளி வெளியேறும்போது வோல்டேஜ் சமநிலைக்குத் திரும்பும்.

கேபிள் நீளத்தையும் பாருங்கள். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் கேன் பஸ் சுமார் 40 மீட்டர் வரைதான். 500 கிலோபிட்டில் சுமார் 100 மீட்டர், 125-ல் சுமார் 500 மீட்டர். ஒரு கன்சோலுக்கு 40 மீட்டர் தாராளம். ஆனால் பிரதான கம்பியிலிருந்து கிளை பிரித்து ஓட்டும் துண்டுக்கு 1 மெகாபிட்டில் 30 சென்டிமீட்டர்தான் எல்லை. இரண்டாம் சட்டத்தைச் சங்கிலியாகத் தொடுக்காமல் நடுவிலிருந்து ஒரு கிளையாக இழுத்திருந்தால் அதுவே போதும் தொல்லைக்கு.

பவர் வயரை மறக்க வேண்டாம். நீட்டிய கேபிள் வழியாகவே மின்சாரமும் போனால் கடைசி மாட்யூல்களில் வோல்டேஜ் இறங்கும். எல்லா விளக்குகளும் எரியும் நேரத்தில் மட்டும் மாட்யூல்கள் ரீசெட் ஆகின்றன என்றால் அதுதான் காரணம். இரண்டாம் சட்டத்துக்குத் தனிப் பவர் சப்ளை கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் கன்சோல் ஆர்எஸ்-485 (கேன் போல இரு கம்பிகளில் ஓடும் இன்னொரு முறை) வகையாக இருந்தால் டெர்மினேட்டர் விதி இதேதான். ஆனால் ஏ, பி என்று இரு கம்பிகளுக்கும் பெயர் வைப்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. இரண்டாம் சட்டம் முழுவதுமே தெரியாவிட்டால் முதலில் அந்த இரண்டு கம்பிகளையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு மாட்யூலுக்கு மட்டும் எண் மாற்றலாமா?

பதில்: கூடாது. முகவரி கொடுக்கும் முறைக்குள் போனவுடன் முழு சர்ஃபேஸும் (ஃபேடர்கள் உள்ள கன்சோலின் மேல்பலகையும்) கட்டளைகளை அனுப்புவதை நிறுத்தும் கன்சோல்கள் உண்டு. ஒலி ஓடும், ஆனால் ஃபேடர் எதுவும் கேட்காது. ஹாட்-ஸ்வாப் என்று கையேடு சொன்னால் மாட்யூலைக் கழற்றிச் செருகலாம் என்று மட்டும்தான் பொருள், எண் மாற்றலாம் என்று அல்ல. கையேடு அப்படிச் சொல்லாவிட்டால் பவரோடு செருகவும் வேண்டாம். எப்போது செருகினாலும் 1 மெகாஓம் கொண்ட ஸ்டாட்டிக் கைப்பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முகவரிகள் எல்லாம் சரியாக விழுந்துவிட்டன, ஒலியும் சரி. ஆனால் மைக்கைத் திறந்தால் வேறு அறையின் சிவப்பு விளக்கு எரிகிறது.

பதில்: இது விளக்குப் பிரச்சினையாகத் தெரிந்தாலும் அதைவிடப் பெரியது. சிவப்பு விளக்கு எந்தக் கட்டளையில் எரிகிறதோ அதே கட்டளையில்தான் அந்த அறையின் ஸ்பீக்கரும் மௌனமாகிறது. விளக்கு தவறான அறையில் எரிகிறதென்றால் மைக் இருக்கும் அறையில் ஸ்பீக்கர் திறந்திருக்கிறது. ஃபேடரை ஏற்றினால் ஊளைச்சத்தம்தான்.

காரணம், உங்கள் கன்சோலில் இந்தக் கட்டளைகள் ஒலி மூலத்தோடு கட்டப்படாமல் ஃபேடர் எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. ‘ஃபேடர் 3 ஆன் ஆனால் ரிலே 2’ என்று எழுதியிருப்பார்கள். முகவரி மாறியதும் மூன்றாம் ஃபேடரில் வேறு மைக் வந்துவிட்டது, ரிலே மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. கன்சோலில் வசதி இருந்தால் இவற்றை மூலத்தோடு கட்டிவிடுங்கள். ‘விருந்தினர் மைக் எந்த ஃபேடரில் இருந்தாலும் விருந்தினர் அறை விளக்கு’ என்று ஆகிவிட்டால் இனி முகவரி எப்படி மாறினாலும் கவலையில்லை.

வசதி இல்லையென்றால் ஒவ்வொரு முகவரி மாற்றத்துக்குப் பிறகும் ஒரு கட்டம் போட்டுச் சோதியுங்கள். இடப்பக்கம் மைக்குகள், மேலே விளக்கு, கண்ட்ரோல் ரூம் ஸ்பீக்கர், ஸ்டூடியோ ஸ்பீக்கர், டாக்பேக். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மைக்காகத் திறந்து கட்டத்தை நிரப்புங்கள். பிளேயவுட் கணினிக்கு (பதிவுகளை ஓட்டும் கணினிக்கு) ‘தொடங்கு’ என்று போகும் ஸ்டார்ட் பல்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழாம் ஃபேடரை ஆன் செய்ய இரண்டாவது பிளேயர் ஓடத் தொடங்குவது இந்த வகைப் பிழைதான். அது ஒலிபரப்பில்தான் முதலில் தெரியவரும்.

கேள்வி: ஒவ்வொரு முறை பவர் போய் வந்தாலும் முகவரிகள் மறந்துபோகின்றன.

பதில்: எல்லா மாட்யூலும் ஒரே நேரத்தில் மறந்தால் மையக் கணினியைப் பாருங்கள். பழைய கன்சோல்களில் அமைப்பு விவரம் பேட்டரி தாங்கும் நினைவகத்தில் இருக்கும். 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்திருக்கும். கடிகாரமும் பின்னோக்கிப் போயிருந்தால் சந்தேகமே இல்லை. மாற்றுவதற்கு முன் அமைப்பை வெளியே நகல் எடுங்கள். பவர் இல்லாமல் பேட்டரியைக் கழற்றினால் மீதியிருப்பதும் போய்விடும். ஒரே ஒரு மாட்யூல் மட்டும் மறந்தால் அதன் எழுதத் தடை ஜம்பரைப் பாருங்கள். ஜம்பர் சரியாக இருந்தால் அதன் ஈஈப்ராமில்தான் கோளாறு. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சேமி என்ற பட்டனை அமுக்கினீர்களா?

கேள்வி: கணினி நெட்வொர்க் வழியாக ஒலியை அனுப்பும் புதிய ஐபி கன்சோலுக்கு மாறுகிறோம். இனி இந்த முகவரித் தொல்லை இல்லை என்கிறார்களே?

பதில்: இடம் மாறியிருக்கிறது, ஒழியவில்லை. சர்ஃபேஸுக்குள் மாட்யூல்களுக்கு எண் அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் சர்ஃபேஸ், இன்ஜின், ஒலியை உள்ளே வெளியே இணைக்கும் பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் ஐபி முகவரி. அதற்கும் மேல் ஒவ்வொரு ஒலி மூலத்துக்கும் ஸ்ட்ரீம் முகவரி. மூன்று அடுக்கிலும் ‘ஒரு எண் ஒருவருக்கே’ என்ற விதி உண்டு, மூன்றிலும் மோதலின் அறிகுறி வேறு.

ஐபி எண் மோதினால் சர்ஃபேஸ் இன்ஜினோடு சேர்வதும் பிரிவதுமாக இருக்கும். சந்தேகப்படும் கருவியின் கேபிளைக் கழற்றிவிட்டு அதே ஐபி எண்ணுக்குப் பிங் (‘இருக்கிறீர்களா’ என்று கேட்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தால் வேறொருவர் அந்த எண்ணில் இருக்கிறார். ஒலிபரப்புக் கருவிகளுக்கு எப்போதும் நிலையான ஐபி கொடுங்கள். சர்ஃபேஸ் தன் இன்ஜினைத் தேடும் எண் மாறிக்கொண்டிருந்தால் சட்டத்தில் மாட்யூலை மாற்றிச் செருகியதற்குச் சமம்.

ஸ்ட்ரீம் எண்ணில் மோதல் வந்தால் காதிலேயே தெரியும். ஐபி வழியாக ஒலி அனுப்பும் முறைகளில் ஒன்றான லைவ்வயரை எடுத்துக்கொள்வோம். மூலத்துக்கு நீங்கள் கொடுக்கும் சானல் எண் 1 முதல் 32767 வரை இருக்கலாம். வழக்கமான ஸ்டீரியோ ஸ்ட்ரீமுக்கு அந்த எண்ணை 256-ஆல் வகுத்து வரும் ஈவும் மீதியும் 239.192 என்பதன் பின்னால் சேர்ந்து மல்ட்டிகாஸ்ட் முகவரி (கேட்க விரும்பும் எல்லாக் கருவிக்கும் பொதுவான முகவரி) ஆகும். சானல் 1001 என்றால் ஈவு 3, மீதி 233, முகவரி 239.192.3.233. இரண்டு மைக்குகளுக்கு ஒரே சானல் எண் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒரே முகவரிக்குப் பாக்கெட்டுகளைத் தள்ளும். கேட்கும் கருவிக்கு இரண்டும் கலந்து வந்து கரகரப்பும் வெட்டுமாகக் கேட்கும். கேபிளையோ மைக்கையோ மாற்றிப் பயனில்லை. ஸ்டூடியோவுக்கு ஒரு நூறு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்: முதல் ஸ்டூடியோ 101 முதல் 199 வரை, இரண்டாவது 201 முதல் 299 வரை.

முகவரிகள் எல்லாம் சரியாக இருந்தும், ஒலி வந்து சுமார் நான்கு நிமிடம் கழித்துத் தானே நின்றுபோனால் நெட்வொர்க் சுவிட்சைப் பாருங்கள். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்பவர்களுக்கு மட்டும் ஸ்ட்ரீமை அனுப்பும் வசதி) இயக்கத்தில் இருந்து, ‘இன்னும் கேட்கிறீர்களா’ என்று அவ்வப்போது விசாரிக்கும் க்வெரியர் எதுவும் இல்லாவிட்டால், யார் எந்த ஸ்ட்ரீமைக் கேட்கிறார்கள் என்ற பட்டியல் காலாவதியாகிவிடும். வழக்கமான அமைப்பில் அதற்கு 260 விநாடி.

கேள்வி: முகவரிப் பட்டியலில் என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

பதில்: ஸ்லாட், மாட்யூல் வகை, தொடர் எண், முகவரி, ஃபர்ம்வேர் பதிப்பு, டெர்மினேட்டர் ஜம்பரின் நிலை, மாற்றிய தேதி. டிப் சுவிட்ச் இருந்தால் எண்ணோடு சுவிட்சின் படத்தையும் வரைந்து வையுங்கள், எந்த முனை 1 என்ற குறியோடு. ஒரு நகல் சட்டத்தின் உள்பக்கம் ஒட்டியிருக்கட்டும். கணினியில் மட்டும் இருந்தால் கன்சோலுக்கு அடியில் படுத்திருக்கும்போது கிடைக்காது. ஸ்பேர் மாட்யூலின் மீது அதன் இப்போதைய முகவரியைத் தனிச் சீட்டில் ஒட்டுங்கள். அந்த எண் கன்சோலில் எங்கும் பயன்படாத ஒன்றாக, உங்கள் கன்சோல் ஏற்கும் மிக உயர்ந்த எண்ணாக இருந்தால் அவசரத்தில் செருகினாலும் யாரோடும் மோதாது.